அடைக்கலம் ஏற்ற ஆய்ச்சி: மாதரியின் கண்ணால் அன்னை கண்ணகியின் கதை

கண்ணகை அம்மனின் திருக்கதையை அறியாத அடியவர் எவரும் இலர். வைகாசி மாதம் பிறந்துவிட்டால் வற்றாப்பளையிலும் காரைதீவிலும் தம்பிலுவிலிலும் செட்டிபாளையத்திலும் அன்னையின் ஆலயங்களில் பொங்கலும் சடங்கும் குளிர்த்தியும் நிகழ்கின்றன. கோவலனின் கொலை, சிலம்பின் வழக்கு, பாண்டியன் சபை, மதுரையைச் சூழ்ந்த தீ என்பன சிறு பிள்ளைகளும் சொல்லக்கூடிய செய்திகளாகும். அந்தக் கதையின் ஓரத்திலே ஒரு முதிய பெண் நிற்கிறாள். அவளை நினைப்பவர் மிகச் சிலரே. அவள் பெயர் மாதரி. மதுரையின் ஆயர்சேரியில் பசுக்களைப் பேணிப் பாலும் மோரும் நெய்யும் கொண்டு வாழ்ந்த மூதாட்டி.

இளங்கோவடிகளின் சிலப்பதிகாரத்தை இந்த மூதாட்டியின் கண்ணால் பார்த்தால், அரசனின் நீதி தவறிய கதைக்குள்ளே இன்னொரு கதை தெரியும். தன்னை நம்பி வந்த பிள்ளைகளைக் காக்க முடியாமற்போன ஒரு தாயின் கதை அது. ஈழத்து மண்ணில் வாழும் அடியவர்களுக்கு அந்தத் தாயின் துயரம் அந்நியமானதன்று.

கையில் வந்து சேர்ந்த அடைக்கலம்

புகார் நகரத்திலே பெருஞ்செல்வத்தை இழந்த கோவலன், கண்ணகியுடன் மதுரைக்கு நடந்தே வந்தான். கவுந்தியடிகள் என்னும் சமணப் பெண் துறவி அவர்களுக்கு வழித்துணையாக வந்தார். மதுரைக் கோட்டைக்கு வெளியே, துறவிகள் வாழும் புறஞ்சேரியிலே அவர்கள் தங்கினார்கள். அது இல்லறத்தார் தங்குவதற்கு ஏற்ற இடமன்று. பொழுது சாய்வதற்கு முன் அந்தப் பெண்ணை எங்கே விடுவது என்று அடிகள் கவலையோடு இருந்த வேளையில்தான் மாதரி அவ்வழியே வந்தாள்.

இயக்கி என்னும் தெய்வத்துக்குப் பாற்சோறு படைத்துவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்த அவள், துறவியைக் கண்டதும் அடிபணிந்தாள். பசுவைப் பேணி அதன் பயனைப் பிறருக்குக் கொடுத்து வாழும் வாழ்க்கையிலே தீங்கு இல்லை. இவளோ முதியவள், செம்மையானவள், இரக்கமுள்ளவள் என்று அடிகள் எண்ணினார். கண்ணகியை அவளிடம் அடைக்கலமாக ஒப்படைத்தார். இவளை நீராட்டு, கண்ணுக்கு மை தீட்டு, கூந்தலில் பூச்சூட்டு, தூய ஆடை உடுத்து. தோழியும் காவலும் தாயும் நீயே ஆகி இவளைத் தாங்கிக்கொள் என்று பணித்தார். மண்ணில் நடந்து பழகாத மெல்லிய பாதங்களோடு, கணவனின் துன்பத்துக்காகத் தன் துன்பத்தை மறைத்துக்கொண்டு வந்தவள் இவள் என்றும் எடுத்துச் சொன்னார்.

மாதரி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இவர்கள் எந்தக் குலம், எதற்காக ஊரைவிட்டு வந்தார்கள், எத்தனை நாள் தங்குவார்கள், செலவை யார் ஏற்பது என்றெல்லாம் விசாரிக்கவில்லை. தன் கைக்கு ஒரு பெரும் பேறு வந்து சேர்ந்தது என்றே மகிழ்ந்தாள்.

மேய்ச்சலுக்குப் போன பசுக்கள் கன்றை நினைத்து வீடு திரும்பும் மாலை நேரத்திலே, ஆய்ச்சியர் சூழ மாதரி கண்ணகியை அழைத்துக்கொண்டு ஊருக்குள் போனாள். அவர்கள் கடந்துபோன மதுரை மதிலில் எத்தனை காவல் இருந்தது என்பதை இளங்கோவடிகள் அந்த இடத்திலேதான் விரிவாகச் சொல்கிறார். காவற்காடு, அகழி, தானாக வளைந்து அம்பு எய்யும் பொறி, கல்லை வீசும் கவண், குரங்கின் வடிவில் அமைந்த பொறி என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. பகைவரிடமிருந்து நகரத்தைக் காக்க அவ்வளவும் இருந்தன. அந்த மதிலுக்குள் நுழைந்த ஒரு பெண்ணின் வாழ்வைக் காக்க அவற்றில் ஒன்றேனும் உதவவில்லை. அவளுக்கு இருந்த காவலெல்லாம் மாதரி என்னும் அந்த மூதாட்டி மட்டுமே.

மருமகளுக்கு அமைத்த சிற்றில்

மாதரி தன் விருந்தினரை வீட்டின் ஒரு மூலையில் ஒதுக்கி வைக்கவில்லை. செம்மண் பூசி மெழுகிய, பந்தலும் காவலும் உடைய சிறிய வீடு ஒன்றைத் தனியாக அவர்களுக்குக் கொடுத்தாள். கண்ணகியைத் தன் கையாலே நீராட்டினாள். நானும் என் மகளும் உனக்கு இருக்கிறோம், இனி உன் கணவனுக்கு ஒரு துன்பமும் இல்லை என்று ஆறுதல் சொன்னாள். ஐயை என்னும் தன் மகளைக் கண்ணகிக்கு உற்ற துணையாக்கினாள். கண்ணகிக்கு மாதரி மாமியானாள், ஐயை மச்சாளானாள்.

இங்கே கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. மாதரி மாயவனாகிய திருமாலைக் கும்பிடுபவள். கோவலனோ சமண நெறியில் நோன்பு நோற்பவன். அவனுடைய நோன்புக்குப் பொருந்தும் உணவு எதுவென்று அறிந்து, பலாக்காய், மாதுளங்காய், மாம்பழம், வாழைப்பழம், சாலி அரிசி, தன் வீட்டுப் பசுவின் பால் என்பவற்றைப் புதிய பாத்திரங்களோடு கொண்டுவந்து கொடுக்கச் செய்தாள். விருந்தினரின் வழிபாடு வேறு என்பதற்காக அவளுடைய அன்பு குறையவில்லை. வந்தவரின் நெறி கெடாமல் உணவளிப்பதும் அடைக்கலத்தின் ஒரு பகுதி என்பதை, ஏடு படியாத அந்த ஆய்ச்சி அறிந்திருந்தாள்.

ஐயை வைக்கோலால் அடுப்பு மூட்டினாள். கண்ணகி காய்களை அரிந்தாள். பழக்கமில்லாத வேலையால் விரல்கள் சிவந்தன, முகம் வியர்த்தது, கண்கள் புகையிற் சிவந்தன. கணவனின் பாதத்தைக் கழுவி, நிலத்திலே நீர் தெளித்து, வாழைக் குருத்திலையை விரித்து அமுது படைத்தாள். அந்தக் காட்சியை மாதரியும் ஐயையும் கண்குளிரப் பார்த்து நின்றார்கள். கோவலன் ஆயர்பாடிக் கண்ணனைப் போலவும், கண்ணகி நப்பின்னையைப் போலவும் அவர்களுக்குத் தோன்றினார்கள். பார்க்க இரண்டு கண் போதாது என்று தாயும் மகளும் வியந்தார்கள்.

பின்னாளில் நாடெல்லாம் தெய்வமாக வணங்கிய கண்ணகியை, அவள் தெய்வமென்று நாடு அறியாத நாளிலேயே தெய்வத்துக்கு ஒப்பாகக் கண்டவர்களுள் இந்த இடைச்சேரிப் பெண்களும் உண்டு. அந்தக் கண் அவர்களுக்கும் வாய்த்தது.

உறையாத பால்

அந்த உறவு நெடுநாள் நீடிக்கவில்லை. கோவலன் ஒற்றைச் சிலம்பை எடுத்துக்கொண்டு விற்பதற்காக நகரத்துக்குப் புறப்பட்டான். ஆயர் தெருவிலே திமிலுடைய ஏறு ஒன்று அவன் எதிரே பாய்ந்து வந்தது. அது தீய நிமித்தம் என்பது அவனுடைய குலத்தார் அறியாதது. அவன் நடந்துகொண்டே இருந்தான்.

அரண்மனையில் காலை முரசு ஒலித்தது. அரசனுக்கு நெய் கொடுக்கும் முறை அன்று மாதரியின் வீட்டுக்குரியது. மகளை அழைத்துக்கொண்டு கயிறும் மத்துமாக அவள் தயிர் கடைய வந்தாள். குடத்தில் ஊற்றிய பால் உறையவில்லை. உறியில் வைத்த வெண்ணெய் உருகவில்லை. ஏறுகளின் கண்களிலிருந்து நீர் வடிந்தது. பசுக்கள் நடுங்கின, அவற்றின் கழுத்து மணிகள் அறுந்து வீழ்ந்தன. ஏதோ பெரிய துன்பம் வரப்போகிறது என்று மாதரியின் மனம் சொன்னது.

அந்த வேளையில் அவள் செய்தது என்ன? அஞ்சி ஒளியவில்லை, வீட்டிலிருந்த விருந்தினரால்தான் இந்தத் துன்பம் வந்தது என்று அவர்கள் மேல் பழி சுமத்தவும் இல்லை. கன்றுகளும் கறவைகளும் துயர் நீங்கவேண்டும் என்று மாயவனை வேண்டி, ஏழு பெண்களை நிறுத்திக் குரவை ஆடுவித்தாள். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று அந்தப் பெண்களுக்கு ஏழு சுரங்களின் பெயரைச் சூட்டினாள். கவலையோடு இருக்கும் கண்ணகியும் அதைக் காணட்டும் என்று நினைத்தாள். தன்னால் இயன்ற வழியிலெல்லாம் அவள் காத்தாள். தன்னால் இயலாததை இறைவனிடம் ஒப்படைத்தாள்.

குரவை முடிந்தது. பூவும் புகையும் சாந்தும் மாலையும் எடுத்துக்கொண்டு, திருமாலின் அடியை ஏத்தி நீராடி வரலாம் என்று மாதரி வையை ஆற்றுக்குப் போனாள். அவள் போன வேளையிலேதான், ஊருக்குள் எழுந்த செய்தியைக் கேட்டு ஒருத்தி ஓடிவந்தாள். கண்ணகியின் முன்னால் அவளுக்குப் பேச்சு எழவில்லை. பின்னர் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். அரசியின் சிலம்பைத் திருடிய கள்வன் என்று கோவலன் கொல்லப்பட்டான்.

கண்ணகி விழுந்தாள், எழுந்தாள், கதிரவனை நோக்கி நீதி கேட்டாள், எஞ்சிய ஒற்றைச் சிலம்பைக் கையில் ஏந்தி வீதியில் இறங்கினாள். அப்போது மாதரி அருகில் இருந்ததாகக் காப்பியம் சொல்லவில்லை. பிள்ளைகளின் நலத்துக்காக ஆற்றங்கரையிலே கைகூப்பி நின்றவள், வீடு திரும்பியபோது அந்த வீடு வெறுமையாகக் கிடந்திருக்கும். மெழுகிய சிற்றிலும், அமுது படைத்த இடமும் அப்படியே இருந்திருக்கும். இருந்தவர்கள் இல்லை.

பழியைத் தன் மேல் ஏற்றவள்

அதன்பின் மதுரையிலே நடந்தவற்றை அடியவர் அறிவர். தன் தேவியின் சிலம்பிலே முத்தும், கண்ணகியின் சிலம்பிலே மாணிக்கமும் இருந்தன என்பதைக் கண்ட கணத்திலே பாண்டியன் உயிர் துறந்தான். கோப்பெருந்தேவியும் உடன் உயிர் நீத்தாள். மதுரை எரிந்தது.

மாதரியின் முடிவை மாடலன் என்னும் மறையவன் பின்னர் சேரன் செங்குட்டுவனிடம் எடுத்துரைக்கிறான். ஆயர் கூடும் மன்றத்திலே அவள் எழுந்து நின்றாள். கோவலன் குற்றமற்றவன், அரசனே தவறினான், என் கையில் தந்த அடைக்கலத்தை நான் இழந்துவிட்டேன் என்று தன் இனத்தார் முன் சொன்னாள். அன்று நள்ளிரவிலே தீயினுள் புகுந்தாள்.

இந்தக் கதையில் உண்மையிலே குற்றம் செய்தவர் யார்? பொய் சொன்னவன் பொற்கொல்லன். ஆராயாமல் ஆணையிட்டவன் அரசன். வாள் வீசியவன் காவலருள் ஒருவன். மாதரி எந்தக் குற்றமும் செய்யவில்லை. இருந்தும் நான் காக்கவில்லையே என்ற பாரம் அவளுடைய நெஞ்சிலேதான் ஏறியது. அன்பு செய்தவர்களின் இயல்பு இது. குற்றம் செய்தவன் ஆயிரம் காரணம் சொல்லித் தன்னைத் தேற்றிக்கொள்வான். அன்பு செய்தவரோ, இன்னும் ஒரு நாழிகை வீட்டில் நின்றிருக்கக் கூடாதா, அவனைத் தனியே போகவிடாமல் தடுத்திருக்கக் கூடாதா என்று தம்மைத் தாமே குற்றவாளியாக்கி வருந்துவர்.

இந்தப் பாரத்தை ஈழத்து அடியவர்கள் அறிவார்கள். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் கொட்டும் மழையிலே தென்மராட்சி நோக்கி நடந்தபோது, முன்பின் அறியாதவர்களுக்கும் படலைகள் திறந்தன. விறாந்தைகளிலும் மாட்டுக் கொட்டில்களிலும் கோயில் மடங்களிலும் பாடசாலைகளிலும் அவர்கள் தங்கினார்கள். அங்கே மாதரிகள் பலர் இருந்தார்கள். 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலையிலே பிடித்திருந்த சிறு கையை நழுவவிட்ட தாய்மாரும், 2009 ஆம் ஆண்டு வன்னியிலே உறவுகளைப் பறிகொடுத்தவர்களும் எத்தனையோ பேர். என்னை நம்பியிருந்த பிள்ளையை நான் காக்கவில்லையே என்ற சொல் அவர்களின் நெஞ்சிலே இன்றும் எரிகின்றது. மாதரியைச் சுட்டதும் இதே சொல்தான்.

அன்னை எதைக் கணக்கில் எடுத்தாள்?

இந்த நெஞ்சங்களுக்குக் காப்பியத்தின் இறுதிப் பகுதி மருந்தாக அமைகின்றது.

மாதரி தீப்புகுந்தபோது ஐயை தாயை இழந்த பிள்ளையானாள். மச்சாளாக வந்த கண்ணகியையும் இழந்தாள். அவள் மணமாகாத இளம்பெண். எனினும் அவள் தாயின் வழியில் தீயை நாடவில்லை; வாழ்ந்தாள். கண்ணகியைத் தேடிப் புகாரிலிருந்து தேவந்தி என்னும் தோழியும், செவிலியும், அவளுடைய மகளும் மதுரைக்கு வந்தபோது, அவர்களோடு சேர்ந்து ஐயையும் புறப்பட்டாள். வையைக் கரை வழியாக நடந்து, சேரநாட்டு மலையேறி, செங்குட்டுவன் அமைத்த கண்ணகி கோட்டத்தை அடைந்தாள். அந்தச் சந்நிதியிலே நின்ற தேவந்தி அன்னையைத் தோழி என்று அழைத்து, அடைக்கலத்தைக் காக்க முடியவில்லை என்று உயிர்விட்ட மாமியின் மகள் இவள், பார்த்தாயா என்று ஐயையைக் காட்டினாள்.

அன்னை என்ன செய்தாள்? முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. உன் தாய் என்னைக் கைவிட்டாள் என்று சொல்லவில்லை. பொன்மயமான தெய்வ வடிவத்தோடு வானத்திலே தோன்றினாள். தன் கணவனைக் கொல்லச் செய்த பாண்டியனைக்கூடக் குற்றமற்றவன் என்று சொல்லி, தான் அவனுடைய மகள் என்று உறவு கொண்டாடினாள். அரசனுக்கே இவ்வளவு கருணை என்றால், பாலும் சோறும் தந்து தாயாகத் தாங்கிய மாதரிக்கு அந்த நெஞ்சிலே எவ்வளவு இடம் இருந்திருக்கும்!

அதையும் காப்பியம் சொல்லாமல் விடவில்லை. மாதரி மறுபிறப்பிலே, அரவணையில் பள்ளிகொண்ட திருமால் கோயிலில் தொண்டு செய்யும் சேடக்குடும்பியின் சிறுமகளாகப் பிறந்தாள். கண்ணகி மேல் கொண்ட அன்பினாலும், அந்த அன்போடு ஆடிய குரவையினாலும் அப்பிறப்பு அவளுக்கு வாய்த்தது என்று கூறப்படுகின்றது. காக்க முடியாமற்போனது என்று அவள் வருந்தியது அந்தக் கணக்கிலே ஒரு குறையாகச் சேரவே இல்லை. அவள் கொடுத்த அன்பு மட்டுமே எண்ணப்பட்டது.

கைக்கு எட்டாமற்போனதைக் குற்றமாகத் தெய்வம் எண்ணுவதில்லை. கை செய்ததையே எண்ணுகின்றது. மாதரியின் கதை அடியவர்க்குத் தரும் ஆறுதல் இதுவே.

ஆகவே மாதரி தீப்புகுந்ததை எவரும் வழியாகக் கொள்ளவேண்டியதில்லை. அது அந்தக் காப்பிய காலத்தோடு முடிந்தது. அந்தத் தீ, பின்னே நின்ற ஐயையையும் அல்லவா சுட்டது? மாதரியிடம் கற்கவேண்டியது அவள் அடைக்கலம் ஏற்ற முறை. ஐயையிடம் கற்கவேண்டியது துயரத்தைச் சுமந்துகொண்டும் வாழ்ந்து, நான்கு பேரோடு சேர்ந்து, அன்னையின் சந்நிதி வரை நடந்த துணிவு. தாங்கமுடியாத பாரம் நெஞ்சில் இருக்கும்போது தனியே இருள் நேரத்தில் அதனோடு இருக்கக்கூடாது. ஐயைக்கு ஒரு தேவந்தி வந்ததுபோல, ஒருவருக்கு ஒருவர் துணையாகச் செல்லவேண்டும். அயலிலே அப்படி ஒருவர் தனித்திருந்தால், அவருடைய படலையைத் தட்டி உள்ளே போவதும் அம்மன் தொண்டுதான்.

ஆயர் வீட்டு அன்னை

செங்குட்டுவன் எடுத்த விழாவிலே கடல்சூழ்ந்த இலங்கையின் கயவாகு மன்னனும் இருந்தான் என்று சிலப்பதிகாரம் கூறுகின்றது. தங்கள் நாட்டுக்கும் எழுந்தருளவேண்டும் என்று மன்னர்கள் வேண்ட, அன்னை வரம் தந்தாள். ஈழத்திலே அவள் எழுந்தருளிய வரலாற்றை நோக்கினாலும் அங்கேயும் ஆயரே முன்னிற்கிறார்கள். நந்திக்கடலோரத்திலே மூதாட்டி வடிவிலே வந்த அன்னைக்குப் பந்தலிட்டுப் பொங்கிக் கொடுத்தவர்கள் மாடு மேய்த்த சிறுவர்கள் என்பதும், எண்ணெய் இல்லாத நேரத்தில் கடல்நீரிலே விளக்கு எரிந்தது என்பதும் வற்றாப்பளை ஆலய மரபு. மதுரையை எரித்த வெம்மையோடு வந்த அன்னையை ஆய்ச்சியர் குளிரச் செய்தார்கள் என்பது குளிர்த்திச் சடங்கோடு வழங்கும் கதை. மாதரி மெழுகிய சிற்றிலை அன்னை மறக்கவே இல்லைப் போலும்.

குளிர்த்தி நாளிலே அன்னையின் முன் நிற்கும்போது, அடியவர்கள் அந்த மூதாட்டியையும் ஒரு கணம் நினைத்துக்கொள்வது நன்று. வீட்டுக்கு வருபவரின் குலத்தையும் வழிபாட்டையும் வரவையும் கேளாமல், முதலில் கால் கழுவ நீரும், உண்ண உணவும், தங்க மதிப்பான ஓரிடமும் கொடுக்கும் மனம் இருந்தால், அந்த வீடு மாதரியின் வீடாகும். அங்கே வந்து தங்குவது வெறும் விருந்தாளி அல்ல, அன்னையே ஆகலாம்.

காத்தவர்க்கும், காக்க முயன்று தோற்றவர்க்கும், காவலின்றி வாடுபவர்க்கும் கண்ணகைத் தாய் குளிர்ந்த நிழலாக இருந்து அருள்புரிவாளாக. மழை பொழிந்து, பட்டி பெருகி, ஊரெங்கும் நோய் நீங்கி நலம் நிறைவதாக.

சுபம்.